சமையலறை எந்தப் பக்கம்?

அன்புள்ள மகளுக்கு,

எலினார் மக்வயர் என்ற மூளை ஆய்வாளரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். டப்ளினில் பிறந்தவர், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வேலை பார்த்தவர். 2025 ஜனவரியில் காலமாகிவிட்டார். லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தவர் என்றால் உனக்குத் தெரிந்திருக்கும். வழி கண்டுபிடிப்பதில் தான் படுமோசம் என்று அவரே சொல்லியிருக்கிறார், உன்னைப் போலத்தான்.

அங்கே கறுப்பு டாக்சிக்கு உரிமம் வாங்க, சுமார் 25,000 தெருக்கள் மனதில் பதிந்திருக்க வேண்டும். மூன்று நான்கு வருடமாவது பிடிக்கும். மூளையில் நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது; அந்த ஓட்டுநர்களுக்கு அதன் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ல் வெளியிட்டார். பிறவியிலேயே அப்படியா, படித்து வந்ததா? பயிற்சியில் சேர்ந்தவர்களைத் தொடக்கத்திலும் சில வருடம் கழித்தும் ஸ்கேன் செய்து, 2011-ல் அதற்கும் பதில் சொன்னார். தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு இல்லை. ஆனால் சிக்கலான ஒரு படத்தைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னால், தேறியவர்கள் சுமார்தான். செய்தித்தாள்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது 2007-ல் வந்த இன்னொரு ஆய்வு. ஹிப்போகேம்பஸ் சேதமாகி நினைவிழந்தவர்களிடம், ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு சுற்றிலும் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். மணல் என்றால் என்ன, கடல் என்றால் என்ன என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்களால் அவற்றை ஒரே இடமாகச் சேர்க்க முடியவில்லை, துண்டு துண்டாகவே வந்தது. நடந்ததை நினைக்கவும் சரி, நடக்காததைக் கற்பனை செய்யவும் சரி, மனதுக்கு முதலில் ஓர் இடம் வேண்டும். அதைக் கட்டித் தருவதுதான் ஹிப்போகேம்பஸின் முக்கிய வேலை என்பது மக்வயரின் வாதம். எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு என்னவோ அவர் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. ஏனென்றால், உன்னை நினைக்கும்போதெல்லாம் நீ இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறாய். புது வீடு எப்படி என்று போனில் கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்கிறாய். அதை வைத்துக்கொண்டு நான் உன்னை எங்கே உட்காரவைப்பது?

போட்டோ வேண்டாம், அதில் ஒவ்வொரு சுவராகத்தான் தெரிகிறது. எழுது. வாசலில் நுழைந்தால் சமையலறை இடதா, வலதா? நீ வேலை செய்யும் மேஜைக்கு ஜன்னல் முன்னால் இருக்கிறதா, முதுகுக்குப் பின்னாலா? படுக்கையிலிருந்து எழுந்தால் கதவு எத்தனை எட்டு?

அப்புறம், துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா