ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் சங்கத்தின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது விடுமுறை நாட்காட்டிதான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலர் புதுவையிலும் கடலூரிலும் கிளை உள்ள கடைகளுக்குச் சம்பளக் கணக்கு போடுகிறவர்கள். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் லீவு பட்டியலே வேறு. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறிய நவம்பர் 1, அது 1962-இல் சட்டப்படி உறுதியான ஆகஸ்ட் 16 இரண்டும் நமக்கு விடுமுறை, கடலூர்க்காரருக்கு இல்லை. அதனால் பைத்தான் நிரல்மொழியில் தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற நூலகத்தில், பொதுவான நாட்களுக்கு ஒரு கிளாஸ் (விதிகளைத் தொகுத்து வைக்கும் நிரல் பகுதி), அதன்மேல் புதுவைக்கும் கடலூருக்கும் தனித்தனி கிளாஸ் என்று எழுதினோம்.

தேதி மாறாத நாளுக்கு மாதமும் நாளும் போதும். புனித வெள்ளியை, ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன் என்று சொன்னால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். தீபாவளி, ரம்ஜான் போன்றவற்றுக்கு அரசிதழைப் பார்த்து ஆண்டோடு சேர்த்துத் தட்டுவதுதான் நம்பகம். பிறை தெரிவதைப் பொறுத்து கடைசி நேரத்தில் தேதி மாறுவதும் உண்டு.

பாண்டாஸோடு வரும் அமெரிக்க அரசு நாட்காட்டியை அப்படியே நகலெடுக்காதீர்கள். அங்கே விடுமுறை சனியில் வந்தால் வெள்ளிக்கும், ஞாயிறில் வந்தால் திங்களுக்கும் தள்ளுவார்கள். அந்த விதியை வைத்து ஓட்டினால், சனிக்கிழமை வரும் 2026 ஆகஸ்ட் 15 அன்று கடையைத் திற, 14 அன்று மூடு என்கிறது! அந்த வரியை எடுத்ததும் சரியானது.

ரொம்பப் படுத்தியது சிதம்பரம். ஆருத்ரா தரிசனத்துக்கு கடலூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். சனி, ஞாயிறு மூடும் அலுவலகங்களுக்கு இது தலைவலி. பாண்டாஸில் விடுமுறையைச் சேர்க்கலாம். கூடுதல் வேலை நாளைச் சேர்க்க நேர்வழி இல்லை. அதனால் வாரத்தின் எந்தெந்தக் கிழமைகள் வேலை நாள் என்று குறிக்கும் வீக்மாஸ்க்கில் சனிக்கிழமையையும் வேலை நாளாக்கிவிட்டு, அந்த ஒன்றைத் தவிர மற்ற சனிக்கிழமைகளை விடுமுறைப் பட்டியலில் போட்டோம். பார்க்க நன்றாக இல்லை, ஆனால் சம்பள நாள் சரியாக விழுகிறது.

காரைக்கால், மாஹே, ஏனாம் பட்டியல்களை இன்னும் தொடவில்லை. 2027-க்கான அரசிதழ் வந்ததும் தேதிகளை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் கடலூர்ப் பக்கத்து உறுப்பினராக இருந்தால் நல்லது.

செயலாளர்