செவ்வாய்க்கிழமை மாத்திரை

அன்புள்ள கல்யாணி,

இங்கே எல்லோரும் சுகம். பேரன் நடக்கிறான், மருமகள் ஓடுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சரசு போனில் கொட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் முடக்குவாதத்துக்குப் போடுகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிட்டு, மஞ்சள் சாறு அடைத்த கேப்சூலோடு குடித்தனம் நடத்துகிறாயாம். அவளைத் திட்டாதே. ஹாஸ்டல் சாம்பார் காலத்திலிருந்தே நீ அமுக்குணி, அவள் ஓட்டைவாய். இரண்டும் மாறப்போவதில்லை.

மஞ்சளுக்கு நான் எதிரி இல்லையடி. ஈரோட்டில் வாக்கப்பட்டு மண்டித் தூசியில் தும்மிக்கொண்டே கிழவியானவள். தாய்லாந்தில் மூட்டுத் தேய்மானம் உள்ள 367 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மஞ்சள் சாறும் மறு பாதிக்கு இபுப்ரோஃபன் என்கிற வலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், 2014இல் வெளியானது. நான்கு வாரத்தில் வலியைக் குறைப்பதில் மஞ்சள் சளைக்கவில்லை, வயிற்றுத் தொந்தரவும் குறைவு. எனக்குப் பெருமைதான். ஆனால் அது தேய்மானம். உனக்கு இருப்பது முடக்குவாதம். உன் உடம்பின் காவல்படையே உன் மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. வலி கொஞ்சம் அடங்கிய மாதிரி இருக்கும்போதும் எலும்பு உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த அரிப்பைத் தடுக்கிற மாத்திரையைத்தான் நீ ஓரங்கட்டியிருக்கிறாய். ஜெயா அக்காவின் விரல்களை மறந்துவிட்டாயா?

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்" என்று சரசுவிடம் கேட்டாயாம். இத்தனை வருஷம் மருந்துக்கடையில் நின்றவளிடம் கேட்டிருக்கலாம். மஞ்சளில் வேலை செய்கிற சத்து குர்குமின். சமையல் மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்குதான். உன் கேப்சூலில் 95 சதவீதம் குர்குமின் உள்ள சாறு 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதாம். ஒரு கேப்சூல் ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். ரசத்தில் யாரடி அவ்வளவு போடுவார்கள்?

அப்புறம் உன் கேப்சூலில் சேர்த்திருக்கிற அந்த மிளகுச் சத்து. குர்குமின் தனியாக ரத்தத்தில் சரியாக ஏறாது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உடம்பில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடியது. அதனால்தான் எல்லாக் கம்பெனியும் பைப்பரின் சேர்க்கிறது. அது வேலை செய்யும் விதம்தான் வில்லங்கம். குடலும் கல்லீரலும் மருந்தை உடைத்து வெளியேற்றுவதை அது மந்தமாக்குகிறது. குர்குமினை மட்டும் பார்த்து மந்தமாக்கு என்று அதற்கு யார் சொல்வது? உன் வீட்டுக்காரருக்கும் தினம் ஒன்று கொடுக்கிறாயாமே! அவர் வலிப்புக்குப் போடுவது ஃபெனிட்டாயின். பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும் என்று மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடினாலே தலைசுற்றி, நடை தள்ளாடும் மருந்து அது. அவருக்குக் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்து. இதில் எனக்கு விளையாட்டே இல்லை.

கல்லீரல் விஷயமும் கேட்டுக்கொள். மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2022இல் எழுதினார்கள். ஒருவர் இறந்தே போனார். இது அபூர்வம்தான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் மெத்தோட்ரெக்சேட்டுக்காக ஏற்கெனவே கல்லீரல் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறவள் நீ. நாளைக்கு அந்த டெஸ்டில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் எது குற்றவாளி என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார், நீ வாயையே திறக்காவிட்டால்?

மாத்திரை போட்ட மறுநாள் குமட்டுகிறது, முடி கொட்டுகிறது என்று அழுதாயாம். அது நிஜமான கஷ்டம், நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்தத் தொந்தரவுகளைக் குறைக்கக் கூடவே கொடுக்கிற ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டலாம், மாத்திரைக்குப் பதில் ஊசியாகப் போடலாம், வேறு மருந்துக்கே மாறலாம். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அந்த டாக்டர் முகம் பார்த்துப் பேசமாட்டார் என்றால் வேறு டாக்டரைப் பார்ப்போம், நானே கூட வருகிறேன்.

பாட்டிலைத் தூக்கி எறியாதே, லேபிளோடு டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டு. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., அப்புறம் கல்லீரல் டெஸ்ட் மூன்றும் இந்த வாரமே எடுத்துவிடு. விட்ட மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்டுகிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான், எப்போது தொடங்குவது என்பதையும் டாக்டரே சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். சரசு வீட்டில் இருப்பதாகச் சாக்குச் சொன்னால் அங்கேயே கூப்பிடுவேன்.

உன்,
பானு