காலண்டர் தாளின் பின்பக்கம்

எல்லாருக்கும் வணக்கம்.

வண்டி இடித்துத் தம்பி இறந்த வழக்கில் தீர்ப்பு வந்து ஆறு நாள் ஆகிறது. போனில் விசாரித்தவர்களுக்கும், வாசல்வரை வந்து அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனவர்களுக்கும் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நடந்தது என்ன, தீர்ப்பு என்ன என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தம்பியைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன், அதையும் தள்ளிப்போட்டால் அப்படியே நின்றுவிடும்.

அன்றைக்கு வாடகை பேசாமல் ஜி.எச்.சுக்கு விரட்டி ஓட்டிய ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. மூன்று சம்மனுக்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, யார் யாரோ வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தும் கூண்டில் ஏறிப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன டீக்கடை மாமாவுக்கு நன்றி. கேட்காமலே ஷிப்ட் மாற்றிக் கொடுத்த மில் சூப்பர்வைசருக்கு, ஃபீஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழப்பீட்டு வழக்கைக் கையில் எடுத்த வக்கீல் சாருக்கு, நாங்கள் கோர்ட்டில் நின்ற நாளெல்லாம் அப்பாவுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அத்தைக்கு, தம்பியின் கிரிக்கெட் செட்டுப் பையன்களுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

மிச்சக் கடிதம் ஒருவருக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எங்கள் வழக்கை நடத்திய ஏ.பி.பி. மேடத்துக்கு. அரசு உதவி வழக்கறிஞர் என்பது முழுப் பதவிப்பெயர், கோர்ட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் பெயரைப் போடவில்லை. கேட்டேன், "பேரெல்லாம் எதுக்குங்க, சம்பளம் வாங்கறேன்ல" என்றுவிட்டார்.

முதல் நாலு வாய்தா எப்படிப் போனது என்று சொன்னால்தான் அவர் செய்தது புரியும். காலை பத்தரைக்கு வராண்டாவில் போய் நிற்போம். தபேதார் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்ட டிரைவரின் பெயரைத்தான் கூப்பிடுவார், எங்களைக் கூப்பிட மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் யாராவது ஒருவர் போகிறபோக்கில், "உங்க கேசா? பதினெட்டாந்தேதி தள்ளிப்போட்டாச்சு" என்பார். இன்றைக்கு உள்ளே என்ன நடந்தது, பதினெட்டாந்தேதி என்ன நடக்கும், ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு நூறு நாள் வேலையில் ஒரு நாள் போய்விடும். எனக்கு மில்லில் அன்றைய சம்பளத்தோடு அந்த மாத வருகை போனஸும் சேர்ந்து போகும். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை என்பது ஒன்றுதான் மிச்சம். ஆனாலும் போனோம். போகாவிட்டால் கேஸ் தள்ளுபடி ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாவது வாய்தா அன்று, மாறுதலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத மேடம், கையில் கட்டுகளோடு வேகமாகப் போனவர் அம்மா முன்னால் நின்றார்.

"போன தடவையும் இங்கதான் நின்னீங்க. எந்தக் கேஸுங்கம்மா?"

அம்மா சொன்னார்.

"இன்னைக்கு உங்களை யாரு வரச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதை அம்மா சொன்னபோது அவர் முகம் மாறிய விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரக்கம் என்று சொல்ல முடியாது. கணக்குத் தப்பிப்போன கடைக்காரர் முகம் மாதிரி இருந்தது.

அவருடைய அறைக்குக் கூட்டிப் போனார். அறை என்றால் கேஸ் கட்டுகள் போக மிஞ்சிய இடத்தில் ஒரு மேசை. சுவரில் ஏதோ நகைக்கடையின் தினக் காலண்டர். கிழித்த தாள்களை எறியாமல் ரப்பர் பேண்ட் போட்டு மேசை மேல் வைத்திருந்தார். அதில் ஒன்றை உருவி, பின்பக்கத்தில் நீல மையில், கொட்டை எழுத்தில் எழுதி அம்மாவிடம் நீட்டினார். அம்மா முன்பக்கத்தைப் பார்த்து, "இது போன மாசத் தேதியாச்சுங்களே" என்றார். "திருப்பிப் பாருங்கம்மா."

பின்பக்கம் இப்படி இருந்தது: "அடுத்த வாய்தா 18, செவ்வாய். பிரேக் இன்ஸ்பெக்டர் சாட்சி மட்டும். நீங்கள் வர வேண்டாம். வேலைக்குப் போங்கள்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் வழக்கு முடிகிறவரை பதினோரு தாள். ஒவ்வொன்றிலும் தேதி, அன்றைக்கு யார் சாட்சி, நாங்கள் வர வேண்டுமா வேண்டாமா. நாங்கள் வராத நாட்களில் கோர்ட் ஏட்டு மூலம் போனில் சொல்லி அனுப்புவார், அடுத்த முறை போகும்போது தாள் எழுதித் தயாராக இருக்கும். ஏழு தாளில் "வர வேண்டாம்" என்று இருந்தது. ஏழு நாள் கூலி. எத்தனையோ பேர் எத்தனையோ உதவி செய்தார்கள், ஆனால் எங்கள் ஒரு நாளுக்கு ஒரு விலை உண்டு என்று அந்தக் கட்டடத்துக்குள் முதலில் நினைத்தவர் அவர்தான். அம்மா தாள்களை அடுப்படி ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். முன்பக்கத்து ராசிபலனையும் விடாமல் படிப்பார். "கோர்ட்டம்மா குடுத்த சீட்டுல எனக்கு எப்பவும் 'அலைச்சல்'னே போட்டிருக்குது" என்று ஒரு நாள் சிரித்தார். தம்பி போனபின் அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டீக்கடை மாமாவுக்குச் சாட்சிப் படி வாங்கிக் கொடுத்ததும் மேடம்தான். சின்னத் தொகை, டீத்தூளுக்குக்கூடப் பத்தாது. ஆனால் சம்மனில் வரும் சாட்சிக்குப் படி உண்டு என்பதே அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

எல்லா நேரமும் இனிமையாகப் பேசுகிறவர் என்று சொன்னால் அது பொய். என் போன் கோர்ட் ஹாலில் அடித்ததற்கு அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரியப்பா விஷயத்தில் நான் அவர் மேல் பல நாள் கோபமாகவே இருந்தேன். சாட்சி பத்தாது என்று பயந்துபோய்ப் பெரியப்பா, தானும் பார்த்ததாகச் சொல்கிறேன் என்று கிளம்பினார். மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீங்க வர்றப்ப வண்டி ஓடிட்டு இருந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா?"

"நின்னுட்டுத்தானுங்க இருந்துச்சு."

"அப்ப நீங்க பாக்கலை. குறுக்கு விசாரணைல ரெண்டு கேள்வில உங்களை உரிச்சுடுவாங்க, அது கிடக்கட்டும். நானே உங்களைக் கூண்டுல ஏத்த மாட்டேன்."

நான் குறுக்கே விழுந்தேன். நீங்கள் எங்கள் வக்கீல்தானே மேடம் என்றேன். "இல்லைங்க" என்றார். "நான் அரசாங்கத்தோட வக்கீல். நடந்தது என்னன்னு கோர்ட்டுக்குக் காட்டறதுதான் என் வேலை. உங்க பக்கம் சொல்லோணும்னா தனியா வக்கீல் வெச்சுக்கலாம், அவர் எனக்கு எடுத்துக் குடுக்கலாம், கோர்ட் அனுமதிச்சா எழுத்துல வாதம் தரலாம். ஆனா வழக்கை நடத்தறது நான்தான், பொய் சாட்சியோட நடத்த மாட்டேன்."

மெஸ்ஸில் அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால், டீக்கடை மாமாவின் சாட்சி நின்றதே பக்கத்தில் ஒரு பொய் சாட்சி இல்லாததால்தான் என்று தோன்றுகிறது. "ரொம்ப வேகமா வந்துச்சு" என்று மட்டும் சொன்னால் அது அஜாக்கிரதைக்கு நிரூபணம் ஆகாது, வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லியிருக்கிறதாம். அதனால் மாமாவிடம் மேடம் வேகத்தையே பெரிதாகக் கேட்கவில்லை. நீங்கள் எங்கே நின்றீர்கள், வண்டி ரோட்டின் எந்தப் பக்கம் வந்தது, ஹாரன் கேட்டதா, இடித்த பிறகு எவ்வளவு தூரம் போய் நின்றது. மாமா, பாய்லரிலிருந்து கையை எடுத்த கணத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, இயந்திரக் கோளாறால் நடந்த விபத்து இல்லை என்ற அந்த ஒற்றை வரியைச் சொன்னார். அதற்காக ஒரு வாய்தா.

தண்டனை விஷயத்திலும் அவர் எங்களுக்கு ஆசை காட்டவில்லை. புதுச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை உண்டு என்று வாட்ஸப்பில் பார்த்துவிட்டு ஓடினேன். அது 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு, உங்களுடையது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, அஜாக்கிரதையால் மரணம், அதிகபட்சமே இரண்டு வருஷம்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். தீர்ப்பு நாளில் எங்களுக்கு வயிறு எரிந்தது, ஆனால் ஏமாந்தோம் என்று தோன்றவில்லை.

இவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவரிடம் கேட்கத் தைரியமில்லை, வக்கீல் குமாஸ்தா ஐயா ஒருவரிடம் கேட்டேன். நாற்பது வருஷமாக அந்த வேப்பமரத்தடியில் இருக்கிறவர். சட்டம் படித்து, கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருஷம் தொழில் செய்திருந்தால்தான் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இந்தப் பரீட்சையையே எழுத முடியுமாம். செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வழக்கறிஞராக இருக்கும் பி.பி. வேறு ரகம், ஏழு வருஷ அனுபவம் உள்ள வக்கீல்களிலிருந்து அரசாங்கம் நியமிப்பது, ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறும். ஏ.பி.பி.க்களுக்கு ஊர் மாறும், வேலை மாறாது. "எங்கப்பா காலத்துல போலீஸ்காரரே கோட்டு மாட்டிட்டு வந்து கேஸ் நடத்துவாராம்" என்றார் ஐயா. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்தப் பழக்கத்தை மாற்றியது. அதன் பிறகும் சில இடங்களில் இவர்கள் போலீஸ் துறைக்குக் கீழேயே இருந்ததால், தனித் துறையாகப் பிரிக்கச் சொல்லி 1995-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் "நான் உங்க வக்கீல் இல்லை" என்று அவர் சொன்னதில் இருந்த ரோஷம் எனக்குப் பிடிபட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டிரைவர் பையனின் அம்மாவும் அதே வராண்டாவில், அதே கல்பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கும் அவர்களுக்கும் திரும்பிப் போக ஒரே பஸ்தான், நாலு நாற்பது. இரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் அம்மா கையில் புதுத்தாளோடு வெளியே வந்தபோது அந்தம்மா எழுந்து வந்து, "அதுல என்ன போட்டிருக்குதுங்க? எங்க வக்கீல் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு" என்றார். அம்மா தாளை நீட்டினார். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு இஷ்டமே இல்லை. படித்தேன். "இருபத்தேழு, புதன். டாக்டர் சாட்சி." அதற்குக் கீழே "நீங்கள் வர வேண்டாம்" என்று இருந்ததைப் படிக்கவில்லை. அது எங்களுக்கு எழுதியது, பையன் வந்துதான் ஆக வேண்டும். அந்தம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் நான் படிக்க வேண்டியிருந்தது.

வாதம் முடிந்த அன்று மேடம் எங்களை மறுபடி அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலிருந்து போலீஸ் போட்ட மாதிரி வரைபடத்தை எடுத்தார். ரோடு இரண்டு கோடு, டீக்கடை ஒரு சதுரம், வண்டி நின்ற இடம் ஒரு பெருக்கல் குறி. திருப்பத்தில் ஒரு சின்ன வட்டம். வட்டத்தின் மேல் பேனாவை வைத்தார்.

"இது என்னன்னு தெரியுமுங்களா?"

ஜல்லிக் குவியல். ரோட்டில் பாதியை அடைத்துக் கொட்டி வைத்திருந்தது, திருப்பத்தில் எதிரே வருவது தெரியாமல்.

"இந்தக் கேஸ் ஒரு டிரைவர் மேல மட்டும்தான். இந்த வட்டத்தை நான் எதுவும் பண்ண முடியாது. நீங்க பண்ணலாம்."

பொது வழியை அடைத்து வைத்தால் அகற்றச் சொல்லி உத்தரவு போட ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, அதற்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152 என்றார். மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில் ஒரு தெருக்காரர்கள் சாக்கடை நாற்றம் தாங்காமல் இதே பிரிவில்தான் மனுக் கொடுத்தார்கள், நகராட்சி கையில் காசில்லை என்று சொன்னதை ஏற்க முடியாது என்று 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார் என்றும் சொன்னார். வக்கீல் வேண்டுமா என்று கேட்டேன். "மனு எழுதத் தெரிஞ்ச ஒருத்தரும் கையெழுத்துப் போடத் தெருவும் போதும்."

குவியல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தினமும் அதைச் சுற்றித்தான் போகிறீர்கள். பாதி தீர்ந்ததும் அடுத்த லோடு இறங்குகிறது. காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்ட நடுரோட்டுக்கு வருகிறார்கள். யார் கொட்டுகிறார்கள் என்பது இங்கே வேண்டாம். மனு கொடுத்தாகிவிட்டது. நாற்பத்து மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டீர்கள், அதற்கும் நன்றி. அந்த ரோடு துலங்குகிறவரை நான் விடப்போவதில்லை.

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. நேற்று ராத்திரி எங்கள் வீட்டுக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து, அத்தையும் அம்மாவும் நானும் உட்கார்ந்து நாற்பத்து மூன்று தாளில் எழுதினோம். இன்றைக்குச் சாயங்காலம் வீடு வீடாகக் கொண்டுவந்து தருகிறேன். முன்பக்கம் பழைய தேதி இருக்கும், திருப்பிப் பாருங்கள்: "வரும் வியாழன், காலை 11 மணி, ஆர்.டி.ஓ. ஆபீஸ். நீங்கள் வர வேண்டும்."