ஒத்த எழுத்து இனிஷியலும் ஜேஜு தீவு வாடகைக் காரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க ஞாயிறு இணைப்புல ஜேஜு தீவப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தென்கொரியாவுக்கு தெக்க கடலுக்குள்ள இருக்குற தீவு, அங்க போய் வாடகைக்கு கார் எடுத்து நாமளே ஓட்டிக்கிட்டு சுத்தலாம், கெளம்புறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் ஒண்ணு வாங்கிட்டா போதும்னு ஒரே வரில சொல்லி முடிச்சிருந்தீங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதிருந்தீங்க, அந்த "போதும்"ங்கற ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த லெட்டர். அது நமக்கு போதாது, அதுவும் தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு போதவே போதாது. நான் பட்டுட்டு வந்து சொல்றேன்.

நான் கம்பத்துல திராட்சை போட்டிருக்குற ஆளு. முப்பது வருஷமா லோயர்கேம்ப்லருந்து கேரளா எல்லைல இருக்குற குமுளி மலைய ஏறி எறங்கிட்டு இருக்கேன், ஜீப்பு, டெம்போ, கார்னு எல்லாத்துலயும் ஏறிருக்கேன், மழைல மூடுபனில ராத்திரில எல்லாம் ஓட்டிருக்கேன். மகன் கொரியால தேஜான்ங்கற ஊர்ல ஆராய்ச்சி படிப்பு படிக்கிறான். அவனப் பாக்க நவம்பர் கடைசில நானும் வீட்டுக்காரியும் மகளும் போனோம். அந்த ஊருக்கு பக்கத்துல உள்ள ஏர்போர்ட்லருந்து ஒரு மணி நேரம் ப்ளைட், ஜேஜு. மூணு நாளு, கார் எடுத்து தீவ ஒரு சுத்து சுத்தறதுன்னு திட்டம். மகனுக்கு லைசென்ஸே கெடையாது, அதனால ஓட்டப்போறது நான்தான்னு வீட்ல எல்லாருக்கும் ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தேன்.

ஏர்போர்ட்ல எறங்கி கார் கம்பெனி வேன்ல ஏறுனா கொஞ்ச தூரத்துல அவங்க யார்டுக்கு கொண்டு போய் விடுறாங்க. கவுண்டர்ல ஒரு பொண்ணு, எங்க மக வயசுதான் இருக்கும். பாஸ்போர்ட், நம்ம ஊரு லைசென்ஸ், பெர்மிட் புஸ்தகம் மூணையும் வாங்கி ஒண்ணு பக்கத்துல ஒண்ணா அடுக்கி வச்சு, பேனா மூடியால ஒவ்வொரு எழுத்தா தொட்டு தொட்டு பாத்துச்சு. பாஸ்போர்ட்டுல தொட்டுச்சு, பெர்மிட்ல தொட்டுச்சு, மறுபடி பாஸ்போர்ட்டுக்கு வந்துச்சு. அப்புறம் தலைய மெதுவா ஆட்டிட்டு மகன்கிட்ட கொரியன்ல ஏதோ சொல்லுச்சு. அவன் மொகம் போன போக்கப் பாத்தே எனக்கு வெளங்கிருச்சு.

விஷயம் இதுதான். என் பேரு உதாரணத்துக்கு கே. முருகேசன்னு வச்சுக்கங்க. லைசென்ஸ்ல "முருகேசன் கே" அப்படின்னு இருக்கு. பாஸ்போர்ட்டுல இனிஷியல் போட விடமாட்டாங்க, விரிச்சு எழுதணும், அதனால அப்பா பேரு சர்நேம் எடத்துல போய் ஒக்காந்துருச்சு, "முருகேசன் கருப்பையா". பெர்மிட் புஸ்தகத்துல லைசென்ஸ்ல இருக்குற பேர அப்படியே அடிச்சு குடுத்துருக்காங்க, "முருகேசன் கே". நமக்கு ரெண்டும் ஒண்ணு, ஒண்ணாம்ப்பு பையனுக்கு கூட தெரியும். கொரியாக்காரங்களுக்கு அது ரெண்டு ஆளு. அவங்க ரூல்படி பாஸ்போர்ட்டுல உள்ள பேரும் பெர்மிட்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா வண்டி கெடையாது, ஏன்னா நாளைக்கு இடிச்சுட்டா இன்சூரன்ஸ்காரன் இந்த ஆளு லைசென்ஸ் இல்லாத ஆளுன்னு சொல்லிருவான். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, அது மூணு தடவ ஸாரி சொல்லுச்சு. ஆனா என்னைய "மிஸ்டர் கருப்பையா"ன்னு கூப்ட்டு கூப்ட்டு ஸாரி சொல்லுச்சு. செத்து இருபது வருஷம் ஆன எங்கப்பாகிட்ட எதுக்கும்மா ஸாரி கேக்குறன்னு எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துச்சு.

இதுல கொடும என்னன்னா பெர்மிட்டுக்கு அப்ளை பண்றப்ப படிவம் 4ஏ கூடயே பாஸ்போர்ட், விசா காப்பி எல்லாம் வாங்கித்தான் வச்சுக்கிட்டாங்க. ஆயிரம் ரூபா பீஸ் கட்டுனேன். பாஸ்போர்ட் காப்பி அவங்க மேசை மேலதான் கெடந்துச்சு, அதுல ஒரு பேரு, பெர்மிட்ல ஒரு பேரு, யாருக்கும் கண்ல படல, எனக்கும் படல, அத நான் மறைக்கல. ரோட்டுப் போக்குவரத்து பத்தின 1949 ஜெனீவா ஒப்பந்தத்துல இந்தியாவும் இருக்கு கொரியாவும் இருக்கு, அதனாலதான் நம்ம பெர்மிட்ட அங்க ஏத்துக்குறாங்க. 2022ல மத்திய அரசு இந்த புஸ்தகத்தோட அளவு, கலர் எல்லாத்தையும் நாடு பூரா ஒரே மாதிரி ஆக்கி க்யூஆர் கோடும் வச்சாங்க. நல்ல காரியம். கோடு வச்சவங்க பேரப் பாக்கலயே.

இத குமுளில ஏலக்காய் யாவாரம் பாக்குற ஒரு சேட்டன்கிட்ட சொன்னேன், அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அவருக்கு ரெண்டு இனிஷியல், ஒண்ணு வீட்டுப்பேரு ஒண்ணு அப்பா பேரு, ரெண்டையும் விரிச்சா பாஸ்போர்ட்டுல ஒரு வரி பத்தாது. "எடோ, நமக்கு எழுத்து, அவங்களுக்கு ஆளு"ன்னாரு. அப்ப எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே சங்கடந்தான். வடக்க உள்ளவங்களுக்கு சர்நேம்னு ஒண்ணு பொறக்கும்போதே கூட வந்துருது, லைசென்ஸ்லயும் பாஸ்போர்ட்டுலயும் அது ஒண்ணாவே இருக்கு, அதனால படிவம் போடுறவங்களுக்கு இது ஒரு பிரச்சனையாவே தெரியல போல.

சரி, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிர்றேன். எங்க மக இருக்கா பாருங்க, அவ "எதுக்கும் இருக்கட்டும்"னு எனக்கு தெரியாம அவளும் ஒரு பெர்மிட் எடுத்து வச்சிருந்தா. அவ லைசென்ஸ் எடுக்கும்போதே பாஸ்போர்ட்ட பாத்து அதே மாதிரி அப்பா பேர முழுசா போட்டுட்டா. லைசென்ஸ் எடுத்து வருஷம் மூணாச்சு. என் புக்கிங்க ரத்து பண்ணி, அவ பேர்ல புதுசா போட்டு, அன்னைக்கு ரேட்டுங்கறதால கூட கொஞ்சம் பணம் கட்டி, ஒரு வழியா சாவி கைக்கு வந்துச்சு. அவ கைக்கு. முப்பது வருஷம் மலை ஏறுன ஆளு நான், மூணு நாளும் பக்கத்து சீட்டு.

கொரியால வண்டி எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கமா போகும், ஸ்டேரிங் இடது பக்கம். அதனால நான் ஒக்காந்த எடம் நம்ம ஊர்ல டிரைவர் ஒக்கார்ற எடம், ஆனா முன்னாடி ஸ்டேரிங் இல்ல. அந்த வேதனைய எழுத்துல சொல்ல முடியாது. மொத ஒரு மணி நேரம் இல்லாத பிரேக்க மிதிச்சு மிதிச்சு கெண்டைக்கால் வலிச்சுப்போச்சு. எங்க வீட்டு வண்டில இண்டிகேட்டர் வலது கை பக்கம், அங்க இடது கை பக்கம், அதனால பாப்பா திரும்புற எடமெல்லாம் வைப்பர் ஆடுது, மழையே இல்லாம கண்ணாடி தொடச்சுக்கிட்டே போறோம். மூணாவது சிக்னல்ல பழகிட்டா. சிக்னல் செவப்பா இருக்கும்போது வலது பக்கம் திரும்பணும்னா முழுசா ஒரு தடவ நிறுத்திட்டுதான் திரும்பணும், 2023ல இருந்து அத கண்டிப்பாக்கிட்டாங்களாம். நான் "போம்மா, யாரும் வரல"ங்கறேன், அவ "அப்பா சும்மா இருங்க"ங்கறா. ஸ்கூல் இருக்குற எடத்துல ரோட்டுக்கே செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கு, முப்பதுக்கு மேல போகக்கூடாது, கேமரா இருக்கு. ஹாரன் சத்தம் மூணு நாள்ல ரெண்டு தடவ கேட்டுருப்பேன், ரெண்டும் எங்களப் பாத்துதான்.

கூகுள் மேப்ப மட்டும் நம்பி போயிராதீங்க, நாங்க போனப்ப அங்க அது கார் வழி காட்டல, மேப் டேட்டாவ வெளிநாட்டுக்கு குடுக்க அந்த அரசாங்கம் ரொம்ப காலமா யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. நேவர், ககாவோன்னு அவங்க ஊரு மேப் ஆப்புதான். இன்னொரு சூட்சுமம் மகன் சொல்லிக்குடுத்தான், வண்டில இருக்குற வழி காட்டுற நேவிகேஷன்ல போற எடத்தோட போன் நம்பர அடிச்சா போதும், அதுவே கூட்டிட்டு போயிரும். எழுத்துக்கூட்டி கொரியன் படிக்க வேண்டியதில்ல. வாடகைக் கார்னு எல்லாருக்கும் தெரியும், நம்பர் பிளேட்டுல ஹ வரிசை எழுத்து ஒண்ணு இருக்கும், அதப் பாத்தா உள்ளூர்க்காரங்க கொஞ்சம் தள்ளியே வராங்க.

தீவு பெருசு ஒண்ணும் இல்ல, கிழக்க மேக்க எழுபது கிலோமீட்டர் சொச்சம். கடல ஒட்டி சுத்தி வர்ற 1132ம் நம்பர் ரோடு கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். டோல் கெடையாது, ரயிலும் கெடையாது. நடுவுல ஹல்லா மலை, 1947 மீட்டர், நமக்கு மறக்காத நம்பர். எரிமலைக் கல்லு, கருப்பா ஓட்ட ஓட்டையா, ஊரு பூரா அதுதான். சியோங்சான்ங்கற எடத்துல கடலோரமா ஒரு எரிமல வாய் இருக்கு, அதுல ஏறி சூரியன் உதிக்கிறத எல்லாரும் பாத்தாங்க, நான் முட்டி வலின்னு பாதில ஒக்காந்துட்டேன். கடலுக்குள்ள ஆக்சிஜன் இல்லாம மூச்சடக்கி முங்கி சிப்பி எடுக்குற ஹேன்யோ பொம்பளைங்கள அங்கதான் பாத்தோம், பல பேரு எங்கம்மா வயசு. மேல வந்தொடன ஒரு விசில் சத்தம் விட்டு மூச்சு வாங்குறாங்க, அது கரை வரைக்கும் கேக்குது. என் வீட்டுக்காரி அதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல.

எனக்கு புடிச்சது ஆரஞ்சுத் தோட்டம். அவங்க காங்யூல்னு சொல்றாங்க, சின்ன சைஸ், தோல் உரிச்சா உரியுது. நாங்க போனது அறுப்பு சமயம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளா தொங்குது. பாப்பாவ வண்டிய ஓரங்கட்டச் சொல்லி ஒரு தோட்டத்து வேலியோரம் அரை மணி நேரம் நின்னேன். வேலின்னா கல்லு வேலி, சாந்து கெடையாது சிமெண்ட் கெடையாது, கருப்புக் கல்ல ஒண்ணு மேல ஒண்ணு சும்மா அடுக்கிருக்காங்க, உள்ள கைய விட்டா அங்கிட்டு வந்துரும், அவ்வளவு சந்து. அவ்வளவு பேய்க்காத்துல எப்படி நிக்குதுன்னா அந்த சந்து வழியா காத்து புகுந்து போயிருது, அதனால வேலி சாயாது. அப்புறம் சில தோட்டத்துல மரத்தடி பூரா வெள்ளத்துணி மாதிரி ஒரு ஷீட்டு விரிச்சிருக்காங்க. மழைத்தண்ணி வேருக்கு எறங்காம தடுக்குது, வெயில கீழருந்து மேல எதிரடிக்குது, பழம் இனிப்பு கூடுது. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, ரெண்டு வருஷத்துல அஞ்சு வெள்ளாமை எடுக்குற மண்ணு இது, ஆனா பழுக்குற நேரத்துல மழை அடிச்சா கொலையோட வெடிச்சு போயிருது. எனக்கு அந்த ஷீட்டு மேலதான் கண்ணு. தோட்டக்காரர் ஒருத்தர் வந்து என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு ரெண்டு பழத்த கைல வச்சுட்டு போனாரு.

பழைய வீடு ஒண்ணுல வாசலுக்கு கதவே இல்ல, ரெண்டு பக்கமும் ஓட்ட போட்ட கல்லு, குறுக்க மூணு மரக்கம்பு. மூணும் எறக்கி விட்டுருந்தா வீட்ல ஆள் இருக்கு. ஒண்ணு மட்டும் குறுக்க இருந்தா பக்கத்துல போயிருக்காங்க, ரெண்டுன்னா வர நேரமாகும், மூணுன்னா வெளியூரு. யாரு பேரும் எழுத வேண்டியதில்ல, இனிஷியலும் வேண்டாம்.

இப்ப உங்க பேப்பர் மூலமா கேக்குறது இதுதான். போக்குவரத்துத் துறை பெர்மிட் குடுக்கும்போது பாஸ்போர்ட் காப்பி எப்படியும் வாங்குது, அதுல உள்ள பேரையே புஸ்தகத்துல அடிச்சுக் குடுக்கட்டும். அதுக்கு ரூல் மாத்தணும், நாளாகும்னா, அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா இல்லையேன்னு அப்ளிகேஷன வாங்குறவங்க ஒரு வார்த்தை சொல்லி திருப்பிக் குடுக்கலாம், சண்டை போடமாட்டோம். ஜேஜு போற வாசகர்கள் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க, அந்தப் பொண்ணு பேனா மூடியால பாத்த மாதிரி.

நான் ஊருக்கு வந்த மறுவாரமே லைசென்ஸ்ல பேர விரிச்சு எழுதணும்னு போனேன். கே-ன்னா கருப்பையாதான்னு என்ன ஆதாரம்னு கேட்டாங்க. பாஸ்போர்ட்ட எடுத்து வச்சேன். இது வெளிநாட்டுக்கு உள்ளது, எங்களுக்கு வேற ஏதாவது கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. பீரோவுல எங்கப்பாவோட பழைய பட்டா பாஸ்புக்க தேடிக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
கம்பம், தேனி மாவட்டம்.