பிறேம் மாற்றிய விவரம் வாகனப் பதிவில் ஏற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலையுதிர் காலம் தொடங்கியதும் தங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தில் பழைய பிக்கப் வாகனங்கள் வரிசையாக விற்பனைக்கு வருகின்றன. வாகனத் தரிப்பிடங்களில் பனி அள்ளும் ஒப்பந்தம் எடுத்தவர்களும், வீடு திருத்தும் வேலையைச் சொந்தமாகத் தொடங்குபவர்களும் தங்களுடைய முதலாவது வாகனத்தைப் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். அண்மைக் காலமாக அவ்விளம்பரங்களில் "பிறேம் மாற்றியது", "அடிப்பக்கம் புதுப்பித்தது" என்ற இரண்டு தொடர்கள் அடிக்கடி தென்படுகின்றன. பிறேம் என்பது வாகனத்தைத் தாங்கும் உருக்கு அடிச்சட்டம். முதலாவது உண்மையாக இருந்தால் ஒரு பழைய பிக்கப்புக்கு அதைவிட நல்ல சிபாரிசு வேறில்லை. இரண்டாவதை நம்பி வாங்கியவர்கள் கொண்டுவரும் வாகனங்களிலோ, கறுப்புப் பெயின்டைத் தவிர வேறு புதுமை எதையும் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஸ்காபரோவில் நீண்ட காலமாக வாகனத் திருத்துநராகத் தொழில் செய்பவன் என்ற முறையில், இவ்விரண்டையும் வாங்குபவர் பிரித்தறிய இம்மாகாணத்தில் ஒழுங்கான வழி எதுவும் இல்லாதிருப்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியான பிறேம் கிடையாது. உடலே சட்டமாகவும் இருக்கிறது. பிக்கப்பின் அமைப்பு வேறு. நீளவாக்கில் ஓடும் இரண்டு உருக்குச் சட்டங்களும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்களும் சேர்ந்த பிறேமின் மேல்தான் இயந்திரம், கியர்பெட்டி, கபின், பின்பெட்டி எல்லாம் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. சில்லுகளைத் தாங்கும் அச்சுகளும் லீவ் ஸ்பிரிங்குகள் எனப்படும் வளைந்த உருக்குத் தகட்டு வில்களும் அதிலேயே பொருத்தப்பட்டுள்ளன. பிறேம் உளுத்துவிட்டால் மேலே இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வாகனம் வீதிக்கு ஏற்றதல்ல. ஆயினும் எல்லாமே போல்டில் நிற்பதால், அனைத்தையும் கழற்றி இன்னொரு பிறேமில் பூட்டுவது இயலக்கூடிய காரியமாகவும் இருக்கிறது.

இங்கே பிறேமைத் தின்பது வீதி உப்பு. கனடாவின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்பு போடப்படுவதாக மத்திய அரசு 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. செறிவான உப்புநீர் சுழியத்துக்குக் கீழே 20 பாகை வரைகூட உறைவதில்லை. ஆகவே உறைபனிக் காலத்திலும் உருக்கின் மீது ஈரம் தங்கிக் கறள் பிடிக்கிறது. பெட்டி வடிவில் மூடப்பட்ட பிறேமுக்குள் சேறும் உப்பும் புகுந்து, நீர் வடிய விடப்பட்ட துளைகளை அடைத்துக்கொள்ளும்போது, உள்ளேயிருந்து வெளிநோக்கி உருக்கு மெலிகிறது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிகிற நேரத்தில் உட்பக்கம் பல இடங்களில் கடதாசி அளவுக்கு வந்திருக்கும். வாகனத்தைச் சூடேற்றிய கராஜுக்குள் நிறுத்துவது அதற்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். உப்பும் பனிச்சேறும் ஒட்டிய அடிப்பக்கத்தைக் கழுவாமல் சூட்டில் நிறுத்தினால் கறள் இன்னும் விரைவாகப் பரவும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பின்பெட்டியில் உப்புத் தூவும் இயந்திரம் பூட்டிப் பனிக்காலம் முழுவதும் உழைக்கும் பிக்கப்புகளின் நிலை இதைவிட மோசம். சிந்துகிற உப்பெல்லாம் பின் அச்சுக்கு மேலே பிறேம் வளைகிற இடத்திலும், லீவ் ஸ்பிரிங்கின் தாங்கிகளிலும், உபரிச் சில்லைத் தொங்கவிடும் குறுக்குச் சட்டத்திலும் போய்த் தங்குகிறது. நான் கண்ட உளுத்த பிறேம்களில் பெரும்பாலானவை இந்த மூன்று இடங்களில் ஒன்றில்தான் முதலில் விட்டுக்கொடுத்தன.

பிறேம் மாற்றுவது ஏதோ ஒதுக்குப்புறக் கராஜ்களில் நடக்கும் கள்ள வேலை என்ற எண்ணம் நம்மவரிடையே உண்டு. அது சரியன்று. டொயோட்டா நிறுவனம் 2008ஆம் ஆண்டில், 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்புகளின் பிறேமுக்குக் கறள் தொடர்பான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. அமெரிக்காவில் துளைபட்ட வாகனங்களைச் சந்தைப் பெறுமதியின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கவும் செய்தது. மறு ஆண்டே, 2000 முதல் 2003 வரையிலான டண்ட்ரா வாகனங்கள், குறுக்குச் சட்டம் கறளில் அற்று உபரிச் சில்லு வீதியில் விழக்கூடும் என்பதற்காகவும், பின் பிறேக் குழாய்கள் சேதமடையக்கூடும் என்பதற்காகவும் அங்கே மீள அழைக்கப்பட்டன. பின்னர் 2005 முதல் 2010 வரையிலான டகோமா, 2007, 2008ஆம் ஆண்டு டண்ட்ரா, 2005 முதல் 2008 வரையிலான செகோயா ஆகியவற்றின் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில், ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்களைப் பரிசோதித்துத் தேவையானவற்றுக்குப் புதிய பிறேம் போட்டுக் கொடுக்க அந்நிறுவனம் 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் உடன்பட்டது. ஒரு பிறேமை மாற்றும் பெறுமதி 15,000 அமெரிக்க டொலர் வரை ஆகும் என்று அவ்வழக்கில் கணக்கிடப்பட்டது. கனடாவிலும் இதையொத்த இணக்கம் ஒன்று எட்டப்பட்டது. தயாரிப்பாளரே இத்தனை பெரிய அளவில் செய்த ஒரு திருத்தத்தை முறைகேடு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த உத்தரவாதங்களின் காலம் முடிந்துவிட்டது. இப்போது பிறேம் மாற்ற விரும்புபவர் தன் சொந்தப் பணத்தில்தான் மாற்ற வேண்டும். குறுக்கு வழிகள் பெருகுவதற்கு அதுவே காரணம்.

முறையாகச் செய்தால் அந்த வேலை எப்படியிருக்கும் என்பதை வாங்குபவர் தெரிந்திருப்பது நல்லது. முதலில் பொருத்தமான பிறேம் கிடைக்க வேண்டும். ஆண்டும் மாதிரியும் ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. கபினின் அளவு, பின்பெட்டியின் நீளம், இரு சில்லு இயக்கமா நான்கு சில்லு இயக்கமா என்பது, இயந்திரத்தின் வகை எல்லாமே ஒத்துப்போக வேண்டும். உப்புப் போடாத அமெரிக்க மாநிலங்களிலிருந்து வரும் பழைய பிறேம்கள் பல வேளைகளில் புதியவற்றுக்கு நிகராக இருக்கின்றன. அதன் பின், குளிர்சாதன வாயுவை அதற்குரிய அனுமதி உள்ளவர் வெளியேற்றி எடுத்த பிறகு, எரிபொருள் தாங்கி, பிறேக் குழாய்கள், கைப்பிறேக் கம்பிகள், சுக்கான் தண்டு, மின்கம்பித் தொகுதி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பிரிக்க வேண்டும். கபினைப் பிறேமோடு பிடித்திருக்கும் போல்டுகளைக் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். கறளில் இறுகிய போல்டை முரட்டுத்தனமாகத் திருகினால், கபினின் தரைக்குள் சிறு கூட்டில் அடைத்து வைத்திருக்கும் நட் கூடவே சுழலத் தொடங்கும். பிறகு தரையை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும். முதல் நாளே கறள் இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தேவையான இடத்தில் சூடுகாட்டி, நிதானமாகத் திருப்புபவரிடம் கபின் முழுதாகத் தப்பும். கழன்றதும் கபினை லிப்டில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பழைய பிறேமைக் கீழே உருட்டி வெளியே எடுக்கலாம். இயந்திரமும் அச்சுகளும் புதிய பிறேமுக்கு மாறிய பிறகு, பிறேக் குழாய்கள் புதிதாகப் போடப்பட வேண்டும். பழைய போல்டுகளை மறுபடி பாவிக்கக் கூடாது. உரிய தரத்திலான புதியவற்றைத் தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவில் இறுக்க வேண்டும். கடைசியாகப் பிறேக்கில் காற்று நீக்கி, சில்லுகளின் நேர்த்தன்மையைச் சரிபார்க்க வேண்டும். மின்கம்பித் தொகுதியின் தரையிணைப்புகளை (எர்த்) கறளற்ற உலோகத்தில் பூட்டாவிட்டால் பின்னர் காரணம் தெரியாத மின்கோளாறுகள் தலைகாட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தனையையும் செய்ய அனுபவமுள்ள இருவருக்குப் பல நாள் வேலை உண்டு. ஆகையால் பிறேம் மாற்றியதாகச் சொல்பவரிடம் அதற்கான பற்றுச்சீட்டு இல்லாமலிருப்பது நம்பக்கூடிய விடயமல்ல.

மற்ற வழி எப்படியிருக்கும் என்பதற்கு ஒன்றைக் கூறுகிறேன். கடந்த பனிக்காலத்துக்கு முன்பு, பனி அள்ளும் தொழிலைப் புதிதாகத் தொடங்கிய இளைஞர் ஒருவர், தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கிய பிக்கப்பை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். லிப்டில் ஏற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் கன்னங்கரேலென்று இருந்தது. போல்டின் தலைக்கும் லேபலுக்கும் கம்பிக்கும் ஒரே பூச்சு. சிறு சுத்தியலால் முன்பகுதியைத் தட்டியபோது நல்ல உருக்கின் கணீரென்ற ஓசை வந்தது. பின் அச்சுக்கு மேலே தட்டியபோது ஓசை மழுங்கியது. மறுமுறை சற்று அழுத்தித் தட்டியதும் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. அங்கே கண்ணாடியிழைப் பட்டையைச் சுற்றி, பசை பூசி, அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். பட்டையை உரித்தபோது ஏடு ஏடாகக் கறள் கையில் கொட்டியது. அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளித்தான் லீவ் ஸ்பிரிங்கின் தாங்கி பொருத்தப்பட்டிருந்தது. பின்பெட்டியில் உப்பை நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலை 401இல் அவர் ஓடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே எனக்கு நடுக்கமாக இருந்தது. அவர் தன் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டிருந்தார்.

உளுத்த இடத்தை வெட்டி நீக்கி, நல்ல உருக்கு எஞ்சியிருக்கும் இடம் வரை போய், தகுந்த தடிப்பில் தகடு வைத்து வெல்டிங்கால் ஒட்டுவதை நான் குறைசொல்லவில்லை. கறள் ஓரிடத்தோடு நிற்கும்போது அது ஏற்ற திருத்தமே. கறளின் மேலேயே தகட்டை வைத்து ஒட்டுவதும், ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து ரப்பர் பூச்சுப் பூசுவதும் வேறு. அவை ஆபத்தை மறைக்கின்றன. மறைத்தவருக்கு அது தெரிந்தும் இருக்கிறது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று கேட்டால், போதாது என்றே சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் வாகனம் கைமாறும்போது தேவைப்படும் பாதுகாப்புத் தரச் சான்றிதழ், நம்மவர் 'சேஃப்டி' என்று சொல்வது, 36 நாட்களுக்குச் செல்லுபடியாகிறது. அது பரிசோதித்த அன்றைய நிலையை மட்டுமே காட்டும். உத்தரவாதமாக அதைக் கொள்ள முடியாது. தனியார் விற்பனையில் விற்பவர் கொடுக்க வேண்டிய பாவித்த வாகனத் தகவல் பொதியில் முன்னைய உரிமையாளர்கள், நிலுவைக் கடன், சந்தைப் பெறுமதி போன்றவை இருக்கின்றன. பிறேமைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விபத்தில் கடுமையாகச் சேதமடைந்த வாகனங்களைப் பதிவில் முத்திரையிடும் கட்டாய முறை 2003ஆம் ஆண்டு முதல் இங்கே நடைமுறையில் உள்ளது. கறளால் பிறேம் மாற்றப்பட்ட வாகனம் அதற்குள் அடங்குவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வாகன அடையாள எண் முன்கண்ணாடியின் கீழே இருப்பதோடு, பல பிக்கப்புகளில் பிறேமிலும் பொறிக்கப்பட்டிருக்கும். பிறேம் மாறியதும் இரண்டு எண்களும் ஒத்துப்போகா. இதைச் 'சரிசெய்கிறோம்' என்று சிலர் பிறேமின் எண்ணை அரத்தால் அழித்துவிட எண்ணுகிறார்கள். தயவுசெய்து யாரும் அதற்கு உடன்பட வேண்டாம். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றவியல் சட்டத்தின் 353.1ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாகனத் திருட்டு இவ்வளவு மலிந்த இந்நாட்களில் காவல்துறை அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. மாற்றிய பிறேமின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அது எந்த வாகனத்திலிருந்து வந்தது என்பதற்கான விற்பனைச் சீட்டை வாகனத்தோடு வைத்திருப்பதே நேர்மையாளருக்குள்ள பாதுகாப்பு.

ஆகவே மாகாணப் போக்குவரத்து அமைச்சு, உரிமம் பெற்ற கராஜ் ஒன்று பிறேமை மாற்றும்போது அந்தத் திகதியையும், கராஜின் விவரத்தையும், பொருத்திய பிறேமின் எண்ணையும், வேலை முடிந்த பின் எடுத்த அடிப்பக்கப் படங்களையும் பதிவுசெய்ய ஒழுங்கு செய்து, அந்த விவரத்தைத் தகவல் பொதியில் அச்சிட வேண்டும். இதனால் முறையாகச் செலவழித்தவரின் வாகனத்துக்கு உரிய விலை கிடைக்கும். பெயின்ட் பூசியவரால் அந்த விலையைக் கேட்க முடியாது போகும். திருட்டு வாகனத்தின் பிறேம் சந்தைக்குள் நுழைவதும் கடினமாகும். இந்தக் கோரிக்கையைத் தத்தம் மாகாண சபை உறுப்பினர்களிடம் எடுத்துச் செல்லுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அது நடைமுறைக்கு வரும்வரை, தங்கள் பத்திரிகையும் ஓர் உதவி செய்யலாம். "பிறேம் மாற்றியது" என்று விளம்பரம் தருபவரிடம், மாற்றிய கராஜின் பற்றுச்சீட்டு கையில் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதை விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அந்தத் தொடரை வெளியிடாமல் விடுங்கள். பனிக்கால ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் காலம் நெருங்குவதால், அடுத்த இதழிலிருந்தே இதைத் தொடங்குவீர்களாயின் பலருக்கு உதவியாயிருக்கும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற வாகனத் திருத்துநர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.