மெக்கின்டாஷ் விரிப்பும் செவிலியர் கவச உடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழையையும் இரசாயனத்தையும் உள்ளே விடாமல் வியர்வையை மட்டும் ஆவியாக வெளியே அனுப்பும் பாதுகாப்பு உடைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ‘கொரோனா காலத்தில் நம் செவிலியர்கள் அணிந்த கவச உடை இந்த இருநூறு ஆண்டு வளர்ச்சியின் பயன்’ என்ற ஒரு வரி என் மனத்தை மிகவும் புண்படுத்திவிட்டது. 2020ஆம் ஆண்டு கோடையில் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் கொரோனா வார்டில் அந்த உடையை அணிந்து பணிபுரிந்தவள் நான். அந்தப் பயன் எங்களை வந்து சேரவே இல்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி 1823இல் காப்புரிமை பெற்றதிலிருந்து கட்டுரை தொடங்குகிறது. அந்தப் பெயர் எங்களுக்குப் புதிதல்ல. நோயாளியின் கீழே விரிக்கும் ரப்பர் விரிப்பை இன்றும் வார்டில் ‘மெக்கின்டாஷ்’ என்றுதான் கேட்டு வாங்குவோம். நோயாளியின் தோல் அதன்மேல் நேரே படக் கூடாது என்பதும், மேலே டிரா ஷீட் எனப்படும் குறுக்குப் பருத்தி விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருக வேண்டும் என்பதும், தவறினால் வியர்வை தேங்கித் தோல் ஊறிப் படுக்கைப் புண்ணுக்கு வழியாகும் என்பதும் செவிலியப் பள்ளியின் முதலாம் ஆண்டுப் பாடம். நோயாளியின் முதுகுக்குப் பொருந்தும் இந்தப் பாடத்தைச் செவிலியரின் உடம்புக்கு எவரும் பொருத்திப் பார்த்ததில்லை. 1990களில் பிரசவ அறையில் எங்களுக்குத் தரப்பட்ட பிளாஸ்டிக் ஏப்ரன், கழுவிக் கழுவி மடிப்புகளில் வெடித்திருக்கும். இரத்தம் உள்ளே சேலை வரை நனைத்துவிடும். புதியது கேட்டால் இருப்பில் இல்லை என்பார்கள். எச்.ஐ.வி. அச்சம் பரவியிருந்த அந்த நாட்களிலும் வேறு பதில் கிடைத்ததில்லை.

அமெரிக்காவின் பாப் கோர் 1969இல் டெஃப்லான் என்று நாம் அறியும் பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக்கின் சூடேற்றிய தண்டை வெடுக்கென்று இழுத்து நுண்துளைகள் நிறைந்த பொருளைக் கண்டதைத் தாங்கள் விரிவாக வெளியிட்டிருக்கிறீர்கள். நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவையும், நீராவி தடையின்றிக் கடக்கும் அளவுக்குப் பெரியவையுமான அந்தத் துளைகளால்தான், மேலைநாட்டுத் தீயணைப்பு வீரரின் மேலங்கிக்குள் நீரைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும் படலம் ஒரு தனி அடுக்காக வந்து சேர்ந்தது. எங்களுக்கு வந்த கவச உடைகளில் பலவற்றில் அப்படிப்பட்ட படலம் எதுவும் இல்லை. நெய்யப்படாத பாலிபுரோப்பிலீன் துணியின்மேல் துளையற்ற பிளாஸ்டிக் பூச்சு, தையல்களின்மேல் ஒட்டிய நாடா, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தின் ஆய்வகத்தில் செயற்கை இரத்தத்தை அழுத்திச் செலுத்தித் துணி கசிகிறதா என்று சோதித்தார்கள். அந்தச் சோதனையை நான் குறை சொல்லவில்லை. அது எங்கள் உயிரைக் காத்தது. ஆனால், வெளியிலிருந்து என்ன உள்ளே வரும் என்பதில் இருந்த அக்கறை, உள்ளே இருப்பவர் என்ன ஆவார் என்பதில் இருக்கவில்லை.

கத்திரி வெயிலில், தொற்றுக்கு அஞ்சி ஏ.சி.யை நிறுத்திவிட்ட வார்டில், ஆறு மணி நேரப் பணி. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் உடையை முழுவதும் கழற்ற வேண்டும். கழற்றினால் மாற்று உடை கிடையாது. ஆகவே முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். மாதவிலக்கு நாட்களில் இளம் செவிலியர் பட்ட பாட்டை நான் விவரிக்க விரும்பவில்லை. ஒரு முதியவருக்கு மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போட நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இரட்டைக் கையுறையின் விரல் நுனிகளில் வியர்வை தேங்கியிருந்ததால் அது தட்டுப்படவே இல்லை. கண்ணாடிக்குள் வழிந்த வியர்வையைப் பார்த்துவிட்டு அவர், “ஏம்மா அழுவுற? எனக்கு ஒண்ணும் வலிக்கல” என்றார். பணி முடிந்து கையுறையைக் கழற்றியபோது, உள்ளே நின்ற நீர் தரையில் கொட்டியது. விரல்கள் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் விரல்களைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டிருக்கிறது. நுண்துளைப் படலம் உள்ள உடையே கிடைத்தாலும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே இருப்பதைவிட மிகுந்திருந்தால்தான் ஆவி வெளியேறும். பனிமலையில் அந்த வேறுபாடு பெரிது. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் மிகச் சிறிது. ஒரு சதுர மீட்டர் துணி வழியே ஒரு நாளில் இத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்று நிறுவனங்கள் அச்சிடும் எண், எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில், எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால் வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. ஒரே துணிக்கு முறை மாறினால் எண்ணும் மாறும். இவை தாங்கள் அறியாதவை அல்ல என்பதால்தான் வருத்தம் கூடுகிறது.

என் வேண்டுகோள் சிறியது. அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இனி இத்தகைய உடைகளைப் பற்றி எழுதும்போது, நீராவி வெளியேறும் அளவையும் அது அளக்கப்பட்ட சூழலையும் சேர்த்து அச்சிடுங்கள். பயன்படுத்தாத கவச உடை ஒன்று உறை பிரிக்கப்படாமல் என் வீட்டில் இருக்கிறது. கட்டுரையாளர் பார்க்க விரும்பினால் அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியக் கண்காணிப்பாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.