அந்தச் சின்ன மார்ட்டின் எப்படி இருக்கிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மகளின் வேலை விஷயத்தைப் போனில் பேசிக்கொள்வோம், அது எழுதித் தீராது. இங்கே எல்லோரும் சுகம். என் காது மட்டும் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்கிறார் டாக்டர். ஆகவே கீழே என்னிடம் வந்திருக்கும் பழைய கிட்டாரின் நாதத்தைப் பற்றி எழுதியிருப்பதில் அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படி.

"நிஜமாகவே நல்ல கிட்டாரா, இல்லை பழசு என்பதால் மயங்கிவிட்டாயா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. பழசெல்லாம் நல்லது என்று சொல்கிறவர்களை எனக்கும் பிடிக்காது.

இது மார்ட்டின் கம்பெனியின் 0-15 என்ற மாடல். உள்ளே கழுத்தடிக் கட்டையில் மாடலும் வரிசை எண்ணும் குத்தியிருக்கிறது. அந்த எண்படி 1953-ல் செய்தது. 1940-களில் நடுவே சில வருடம் நின்றுபோனதைத் தவிர, 1961 வரை இந்த மாடல் வந்துகொண்டிருந்தது. அவர்கள் பட்டியலில் அடிமட்ட ரகம். முன்பலகை, பின்பலகை, பக்கங்கள் எல்லாமே மகோகனி. ஓரப்பட்டை இல்லை, சிப்பி வேலை இல்லை. அகலமான இடத்தில் 13.5 அங்குலம்தான், ட்ரெட்நாட் என்கிற பெரிய உடம்பு ரகமான உன் பழைய கிட்டார் 15⅝. வேடிக்கை என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டில் இந்த 0 அளவுக்கு 'கான்சர்ட்' என்று பெயர். அரங்கத்துக்கான பெரிய கிட்டார் அப்போது இதுதான். 1916-ல் ஒரு போர்க்கப்பலின் பெயரோடு ட்ரெட்நாட் வந்தது, அப்புறம் ஊரெல்லாம் அதுவே ஆன பிறகு இது குட்டி கிட்டாராகிவிட்டது.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்தபோது இது வாசிக்கிற நிலையில் இல்லை. கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12ஆவதற்கு மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் கார்டு பிடிக்கலாம். அதைத் தாண்டினால் விரல் நோகும், அழுத்துகிற அழுத்தில் சுருதியும் ஏறிவிடும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கின்றன. அதை இத்தனை வருடம் தாங்கினால், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால் பலகை உப்பும், கழுத்து மெல்ல முன்னால் சாயும். பழைய மார்ட்டின்களில் கழுத்துக்குள் சாவி போட்டுத் திருப்புகிற ராடு கிடையாது, அது 1985-ல்தான் வந்தது. இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. ராடு சரிசெய்வது கழுத்தின் வளைவை. இங்கே கெட்டிருந்தது கழுத்து உடம்போடு சேர்கிற கோணம்.

நீளமான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். கோணம் சரியாக இருந்தால் அதன் நுனி பிரிட்ஜின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இதில் பாதி உயரத்திலேயே போய் முட்டியது. அதுவும் அந்த பிரிட்ஜ் ஏற்கெனவே இழைக்கப்பட்டது! முன்பு யாரோ ஒரு புண்ணியவான், கம்பியைத் தாழ்த்துவதற்காகக் கழுத்தை விட்டுவிட்டு பிரிட்ஜையே சீவி வைத்திருக்கிறார். பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்குகிற மெல்லிய பட்டையான சேடில் நகக்கீற்று அளவுக்குத்தான் வெளியே தெரிந்தது. கம்பி அதன் மேல் மடிந்து அழுத்தினால்தானே அதிர்வு பலகைக்குள் இறங்கும்? சும்மா உரசிக்கொண்டு போனால் ஓசை எப்படி வரும்?

அதனால் கழுத்தைக் கழற்றி மாட்டுகிற வேலை. ரிப்பேர்காரர் செய்வதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். 15ஆவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தத் தடத்தில் மெல்லிய துளை போட்டு, கழுத்து உடம்பில் செருகியிருக்கும் டவ்டெயில் குழிக்குள் நீராவி விட்டார். உள்ளே ஒட்டியிருப்பது பழைய வஜ்ரப் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். சிறிது நேரத்தில் முனகிக்கொண்டே கழுத்து கையோடு வந்துவிட்டது. கழுத்தின் அடியில் அவர் சீவியெடுத்தது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பிரிட்ஜுக்கு வரும்போது அதுவே மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். முழுத் தடிமனில் ரோஸ்வுட்டில் ஒரு புது பிரிட்ஜ், எலும்பில் ஒரு சேடில். இப்போது 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2.4 மில்லிமீட்டர். ஓசை அளவில் மட்டுமே ஒரு படி கூடியிருக்கிறது. சீவிய பழைய பிரிட்ஜைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்து வைத்துக்கொள்பவருக்கு என்ன நடந்தது என்று தெரியட்டும்.

பின்பலகையில் ஒரு விரிசல் இருக்கிறது. எப்போதோ காய்ந்துபோய் விட்டது, பல வருடம் முன்பே ஒட்டி, உள்ளே குறுக்காகச் சின்னச் சின்னக் கட்டைகள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்த்தேன், சுத்தமான வேலை. அதைத் தொடவில்லை. பெட்டிக்குள் ஈரப்பதத்தை 45லிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்தால் போதும்.

ஃப்ரெட்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் மூன்றில், மெல்லிய இரண்டு கம்பிகளுக்குக் கீழே மட்டும் குழி குழியாகத் தேய்ந்திருந்தது. ஏழாவதற்கு மேலே புதுசு மாதிரி. கழுத்தின் பின்னால் முதல் ஃப்ரெட்டுக்கு நேராக லாக்கர் போய் மரம் வழவழவென்று தெரிகிறது. வைத்திருந்தவர் சி, ஜி, டி கார்டுகளை விட்டு நகரவே இல்லை; பாட்டுக்குத் துணையாக வாசித்தவராக இருக்க வேண்டும், கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே சுற்றிப் பிடிக்கிற ஆள். கம்பி அந்த உயரத்தில் நின்றும் அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்காது. குழி விழுந்த ஃப்ரெட்டுகளை மட்டும் மாற்றினோம், மற்றதெல்லாம் அப்படியே.

நீ போன கடிதத்தில் "மொத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதுசாக பாலிஷ் போட்டுவிடு" என்று எழுதியிருந்தாய். மாட்டேன். மேலே இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மிக மெல்லிய பூச்சு. அதைச் சுரண்ட உப்புத்தாள் போட்டால் பலகையும் சேர்ந்து தேயும். மேலே தடிமனாக எதையாவது பூசினால் பலகை சரியாக அதிராது. அதெல்லாம் போகட்டும், அந்தப் பூச்சில் கூந்தல் இழை மாதிரி ஓடுகிற வெடிப்புகளால் வாசிப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. கழுத்துக் கோணம் கெட்டிருந்தது, சரிசெய்தேன். தோல் சுருங்கியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, நாதம். உன் ட்ரெட்நாட்டை மனதில் வைத்துக்கொண்டு இதை எடுத்தால் ஏமாந்துபோவாய். அடியில் அந்த 'தொம்' கிடையாது. பிக் வைத்து ஓங்கி அடித்தால் ஓர் அளவுக்கு மேல் இது வாங்காது. ஓசை கூடாமல் நசுங்கும். ஸ்ப்ரூஸ் மரப் பலகையின் மினுமினுப்பான ஓசையும் இல்லை. மகோகனி பலகையில் உபஸ்வரங்கள் குறைவு, அடிப்படைச் சுரம் முன்னால் நிற்கும். ஆனால் விரலால் மீட்டிப் பார். தொட்டவுடன் சுரம் வந்துவிடுகிறது, நீண்டு இழுக்காமல் அடுத்ததற்கு வழிவிடுகிறது. ஆறு கம்பியும் ஒரே பலத்தில் கேட்கும். தடித்த கம்பி மற்றதை விழுங்குவதில்லை. கூடப் பாடினால் குரலோடு மோதுவதும் இல்லை. என் பேரன் போனில் பதிவு செய்தபோதுகூடக் கலங்கலாக இல்லை.

இன்னொன்று. 1944 கடைசி வரை மார்ட்டின்களில் உள்ளே இருக்கும் தாங்குசட்டங்களைப் பள்ளமாகக் குடைந்திருப்பார்கள், அதற்குப் பின் வந்தவற்றில் அது இல்லை. அதைச் சொல்லி 1950களின் கிட்டார்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய ரகத்தை நானும் வாசித்திருக்கிறேன். அது நல்ல கிட்டார்தான். அதற்காக இது மட்டம் என்று ஆகிவிடாது. இதில் அடி இறுக்கமாக, மேல் கம்பிகள் தெளிவாக இருக்கின்றன. எனக்கு இதுவே போதும்.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: ஒரு வேலைக்கு மட்டும் மிக நல்ல கிட்டார். கும்பலில் பத்துப் பேரோடு வாசிக்க வேறு வாங்கிக்கொள்.

தோள்வலியால் வாசிப்பதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதற்காகவாவது ஒருதரம் இதை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய உடம்பின் மேலாக வலது கையைத் தூக்கிப் போடுவதுதான் உன் தோளைக் கெடுத்தது என்பது என் சந்தேகம். இதில் முழங்கை தானாகக் கீழே இறங்கிவிடும். கம்பி அதிர்கிற நீளமும் 24.9 அங்குலம்தான், ட்ரெட்நாட்டைவிட அரை அங்குலம் குறைவு, விரலுக்கும் இதமாக இருக்கும். 0.011 அங்குலத்தில் தொடங்குகிற மெல்லிய கம்பி செட் மாட்டி வைக்கிறேன். எப்போது வருகிறாய் என்று எழுது. வரும்போது கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற உன் கேப்போவையும் எடுத்து வா, என்னுடையதில் ஸ்பிரிங் போய்விட்டது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்